பன்னிரண்டு தசம் பூச்சியம்

பன்னிரண்டு தசம் பூச்சியம். போன ஞாயிறு பன்னிரண்டு தசம் ஒன்று, அதற்கு முந்தின ஞாயிறு தசம் இரண்டு. கிணற்றுப் படியில் ஆரோ கிழமைக்கு ஒரு படியாகக் கீழே இறங்கிப் போவதுபோல அந்த இலக்கம் இறங்கிக்கொண்டே போக, தவமலர் போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்தபடி முழங்கால் பனிக்குள் நின்றாள். மதியம் பதினொன்றரை மணி. மதியம் என்ற சொல்லைத் தை மாதத்தில் சொல்ல, இங்கே வந்து பதினாறு வருடமாகியும் அவளுக்கு நாக்குக் கூசும். தலைக்கு மேலே நட்சத்திரம் நிற்கிற மதியம். மதியமென்றால் நிலாவுந்தானே, அப்படியே எடுத்துக்கொள்வோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். நோர்வேயின் வட அந்தலையில், இதற்கப்பால் கடலும் ஐஸும்தான் என்கிற இந்த மீன்பிடி ஊரில், கார்த்திகை பிறந்து ஒரு கிழமையில் சூரியன் மலைக்குப் பின்னால் போனால் போனதுதான், தை பிறந்து ஒரு கிழமையில்தான் திரும்பத் தலைகாட்டும். இடைப்பட்ட இரண்டு மாதமும் நடுப்பகலில் கொஞ்ச நேரம், நீலம் கூடிப்போன வேட்டி மாதிரி ஒரு வெளிச்சம் பனியில் விரியும், பிறகு சுருட்டிக்கொள்ளும். வருகிற புதன்கிழமை சூரியன் வருகிற நாள். பொங்கல் வியாழக்கிழமையே போய்விட்டது. இல்லாத சூரியனுக்கு மின்னடுப்பில் பொங்கி, தெற்குப் பக்க யன்னலில் கறுப்பாய் இருந்த கண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டார்கள், கண்ணாடியில் அவளும் புருசனும் பானையும்தான் தெரிந்தார்கள். ஆரை ஆர் கும்பிட்டதோ.

அவளுக்கு முன்னால் நின்றது அவளுடைய வான். முன்னொரு காலத்தில் தபால் பொதி ஏற்றித் திரிந்து, பிறகு ஆரோ உள்ளே கட்டிலும் அடுப்பும் டீசலில் எரிகிற ஹீற்றரும் பூட்டி வீடாக்கி, போன வைகாசியில் அவள் கைக்கு வந்தது. குளிர் மாரிக்கு வானை நிறுத்தி வைக்கிற இந்த வெளியில் வள்ளங்களும் வான்களும் பத்துப் பதினைந்து, வெள்ளைச் சீலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்த ஆட்கள்போல வரிசையாய்க் கிடந்தன. கரண்டுக் கம்பி இல்லாத வெளி. வானின் தெற்குப் பக்கத்து உடம்பில், படுக்கவைக்காமல் நிமிர்த்திப் பூட்டிய சோலார்ப் பலகை ஒன்று. பலகை பிடிக்கிற வெளிச்சம் முன்சீற்றுக்குக் கீழே இருக்கிற பற்றரிக்குப் போகும், அந்தப் பற்றரியின் உயிர் எத்தனை வோல்ற் என்று கிட்டப் போனால் போனில் இலக்கமாய் வரும். மேலே பன்னிரண்டு தசம் பூச்சியம், கீழே சோலார்: பூச்சியம் தசம் பூச்சியம். ஒக்டோபரில் வயிறு நிறைய, பன்னிரண்டு தசம் ஏழில் விட்டுவிட்டுப் போனவள், கார்த்திகையில் சூரியன் போகும்வரை இலக்கம் பெரிதாய் அசையவில்லை. மெயின் சுவிட்சை அணைத்து, நூர்த்துவிட்டுத்தான் போனவள், அது சத்தியம், விரலில் அந்தச் சுவிட்சின் டக் என்ற அடி இன்னும் இருக்கிறது. ஒன்றும் எரியாத, ஒன்றும் ஓடாத வானில் பற்றரி இப்படி இறங்கக்கூடாது. அப்படியென்றால் ஆர் குடிக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் இதே கேள்வியோடு வந்து இதே கேள்வியோடு திரும்புகிறாள். கேள்வியும் கிழமைக்கு ஒரு தசம் கனக்கிறது.

வயிறு நிறைந்த பற்றரி உறையாது. இதை முதலில் வாசித்தபோது தேத்தண்ணி ஆறிப்போகும்வரை அப்படியே இருந்தாள். நிறையச் சார்ச் ஏறின பற்றரிக்குள் இருப்பது அமிலம், மைனஸ் ஐம்பது அறுபதிலும் அது அசையாது. சார்ச் இறங்க இறங்க அமிலத்தின் வீறு ஈயத் தகட்டுக்குள் போய் ஒளித்துக்கொள்ள, மிச்சமிருப்பது தண்ணீராகிவிடும். தண்ணீர் உறையும், உறைந்தால் பருக்கும், பருத்தால் பெட்டி வெடிக்கும். குளிர் எல்லாருக்கும் ஒரே குளிர்தான், வெறுவயிற்றுக்காரரைத்தான் அது பிடிக்கும். இப்போது நிற்கிற இலக்கத்துக்கு மைனஸ் பதின்மூன்று பதினான்கில் உறையத் தொடங்கும். இன்றைக்கு மைனஸ் ஒன்பது, அடுத்த கிழமை பன்னிரண்டு என்று வானிலைக்காரர் சொல்கிறார்கள். இலக்கம் இன்னொரு படி இறங்கினால் உறைகிற கோடு பத்துக்கோ ஒன்பதுக்கோ ஏறிவந்துவிடும். மேலேயிருந்து குளிர் இறங்கிவர, கீழேயிருந்து கோடு ஏறிவர, நடுவில் ஒரு முழம். அந்த ஒரு முழத்துக்குள்தான் வான் இருக்கிறது. வானுக்குள்தான் மிச்சம் எல்லாம் இருக்கிறது. ஐப்பசியில் விமலேந்திரன், அவளுடைய அவர், சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார், வான் சும்மா கிடக்கு மலர், ஆல்டா டவுணில ஒராள் விலைக்குக் கேக்கிறான். கிடக்கட்டும், ஆற்றையும் சோத்தையோ தின்னுது என்றாள் அவள். இருட்டில பற்றரி செத்துப்போம், பேந்து ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டினம் என்றார். சாகாது. செத்தால்? செத்தால் வில்லுங்கோ. சாகாட்டி? சாகாட்டி இந்தக் கதையை இனி இந்த வீட்டில எடுக்கப்படாது. பந்தயம் இதுதான்: சூரியன் திரும்புகிற நாளில், பற்றரி தீ மூட்டினால்தான் பற்றுகிற வானின் ஹீற்றரைப் போட்டுப் பார்ப்பது, பற்றியெரிந்தால் பற்றரி உயிரோடு, பற்றாவிட்டால் வான் ஆல்டாவுக்கு. பற்றரியை வீட்டுக்குத் தூக்கிவந்து கரண்டில் கொழுவுவதில்லை, சோலார் மட்டுந்தான் என்று சொன்னவளும் அவள்தான். வாயிலிருந்து வந்த வீம்பு. வாய் சும்மா இருந்திருக்கலாம்.

சும்மா கிடக்கு. அந்தச் சொல்தான் அவளுக்குள் மீன்முள்மாதிரிக் குத்தி நின்றது. சும்மா கிடந்தவள் அவள். போன வருட இருட்டில் மூன்று கிழமை, பக்டரிக்குப் போகாமல், குளிக்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு. நோவென்று சொல்ல ஒன்றுமில்லை, காய்ச்சலில்லை, கோபமில்லை. உள்ளுக்குள் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டு போனது, அவ்வளவுதான். அவர் சோறு குழைத்துக்கொண்டு வந்து வைப்பார், கட்டில் விளிம்பில் இருப்பார், என்னப்பா செய்யுது என்று கேட்கத் தெரியாமல் வானிலை சொல்லுவார். நாளைக்குக் காத்து கொஞ்சம் கூடவாம். நாளையிண்டைக்கு மழைப்பனியாம். மூன்று கிழமையும் வானிலைதான். அந்த நேரம் அவள் இலக்கத்தை ஆராவது போனில் பார்த்திருந்தால் என்ன காட்டியிருக்கும் என்று இப்போது நினைக்கிறாள், நினைத்ததும் நினைப்பைக் கையால் தள்ளிவிடுகிறாள், பற்றரி வேறு ஆள் வேறு, எல்லாத்தையும் எல்லாத்தோடையும் முடிச்சுப் போடாதை. பிறகு வைகாசியில் வான் வந்தது. ஆடியில் ஒன்பது நாள் தனியாக ஓட்டிக்கொண்டு போனாள். மூன்று தரம் பெயிலாகி நாற்பத்துமூன்று வயதில் லைசென்ஸ் எடுத்தவள் கடலோரமாய் ஒன்பது நாள். எங்கே போனாயென்று கேட்டால் ஓரிடமும் இல்லை. தகரத்தில் மழை விழ விழப் படுத்தாள், எழும்பினாள், இன்னொரு இடத்தில் நிறுத்திப் படுத்தாள். போன் அடிக்க அடிக்க எடுக்கவில்லை, ஒரு செய்தி மட்டும் போட்டாள், சுகமாயிருக்கிறன். அவர்மேல் ஒரு கோபமுமில்லை. ஒரு குரலும் கேட்காமல் இருக்கவேண்டியிருந்தது, அவ்வளவுதான். திரும்பி வந்தபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை, ரயர் எப்பிடி என்றுதான் கேட்டார். ஐப்பசியில் சும்மா கிடக்கு என்றார். கிடந்தால் என்ன, கிடக்கிறது சாகிறதில்லைத்தானே. கிடந்தும் ஆட்கள் எழும்பியிருக்கினம்.

கையுறையை மாட்டிக்கொண்டு பலகையைப் பார்த்தாள். நிமிர்த்தி வைத்ததால் பனி தங்கவில்லை, ஆனால் கடற்காற்று உப்பும் ஈரமுமாய் அடித்து, பலகை முழுக்கத் தேங்காய்ப்பூத் தூவினமாதிரிப் பூம்பனி. அதை முழங்கையால் தேய்க்கத் தொடங்கினாள். என்ன பிரயோசனம், வெயில் இல்லையே. வெயில் இல்லாமல் இது என்னத்தைத் தின்னும். தேய்க்கத் தேய்க்க அந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தது, வெயில், வெயில். யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, பற்றரியும் ஆமிக்காரர் வரவிடமாட்டார்கள் என்றிருந்த சண்டைக் காலத்தில், அவளுக்கு ஒன்பது பத்து வயது, மதிவதனன் அண்ணன் செத்துப்போன ரோர்ச் பற்றரிகளைத் தகரத்தில் அடுக்கி வெயிலில் காயவைப்பான். வெயில் குடிக்கட்டும் என்பான். பிள்ளைகளே, ஒருத்தரும் நிழல் விழுத்தப்படாது, தள்ளி நில்லுங்கோ. பின்னேரம் கை சுடச்சுட எடுத்து றேடியோவுக்குள் போட்டால் செத்தது பேசும். பத்து நிமிஷம், சிலவேளை கால் மணித்தியாலம். செய்தி வாசிக்கிறவரின் குரல் முதலில் கணீரென்று வந்து, பிறகு மெலிந்து, நூலாகி, இன்று காலை விமானத் தாக்குதலுக்குள்ளான ஊர்கள் என்று அவர் பெயர்களை வாசிக்கிற இடத்தில் சரியாக அறுந்துபோகும். இரண்டு ஊர் கேட்கும், மூன்றாவது கேட்காது. மூன்றாவது மாமியின் ஊரா இல்லையா. அண்ணன் பற்றரியைப் பல்லால் கடித்து நெளித்துத் திரும்பப் போடுவான், ஒரு மூச்சு வரும், பெயர் வராது. அடுத்தநாள் வெயில் ஏறும்வரை வீட்டில் ஒருத்தரும் அந்த மூன்றாவது ஊரைப் பற்றிக் கதைக்கமாட்டார்கள். இவளுக்குச் சாவைவிடப் பயம் அதுதான், பாதி வசனத்தில் நூர்ந்துபோவது. அண்ணன் இப்போது ரொறொன்ரோவில், பற்றரியை நக்கிப் பார்த்தனாங்கள் என்று சொல்லிச் சிரிப்பான். மாமியும் தப்பித்தான் இருந்தா. ஆனாலும் அந்தப் பெயர் இன்னும் அந்த றேடியோவுக்குள்தான் கிடக்கிறது.

ஆர் குடிக்கிறது. பலகை பாதி துடைபட்டிருந்தது. இன்றைக்குக் கதவைத் திறந்து பார்ப்பது என்று கை முடிவெடுத்தது, மனம் பின்னால் வந்தது. ஒக்டோபரிலிருந்து கதவைத் திறக்கவில்லை. பனி உள்ளே போகாமலிருக்க இடுக்கெல்லாம் ரேப் ஒட்டி, யன்னல்களுக்கு உள்ளேயிருந்து தடித்த பாய் கொழுவி, பூட்டி வைத்தது அப்படியே. ஒவ்வொரு ஞாயிறும் வெளியே நின்று போனில் பார்த்துவிட்டுப் போவதுதான். நோயாளியின் அறைக் கதவைத் திறக்காமல் வாசலில் நின்று எப்பிடியென்று கேட்டுப் போகிற சொந்தக்காரர்மாதிரி. ரேப்பை உரித்தாள். துறப்பை வாயால் ஊதிச் சூடாக்கிப் போட, பூட்டு இரண்டு தரம் மறுத்து மூன்றாம் தரம் உடன்பட்டது. கதவு ஐஸ் முறிகிற சத்தத்தோடு வந்தது. உள்ளே கும்மிருட்டாய் இருக்கவேண்டும். இருக்கவில்லை. முதலில் அவளுக்கு விளங்கவில்லை, வெளிச்சம் தன் கண்ணிலிருந்துதான் போகிறதாக்கும் என்று நினைத்தாள். முன்பக்கம், ஸ்ரியறிங்குக்கு அங்காலே, கட்டைவிரல் உயரப் பிள்ளையாருக்கு முன்னால், நெல்மணி அளவு மஞ்சள் பல்ப் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அந்த நெல்மணியிலிருந்து ஒளி பரவி, யன்னல் பாய்களில் படிந்து, கட்டில் விளிம்பில் படிந்து, கூரையில் தொங்கின உறைபனித் தூள் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பொட்டாய் நின்றது. அவள் விட்ட மூச்சு ஆவியாய்ப் போய் அதுவும் மஞ்சளாகிக் கரைந்தது. ஒக்டோபரிலிருந்து. காற்று வானைப் பிடித்து உலுக்கின இரவுகள், நடுப்பகலில் நட்சத்திரம் நின்ற நாட்கள், ஒரு மனிதர் இல்லை, ஒரு கண் இல்லை, பூட்டிக் கிடந்த தகரப் பெட்டிக்குள் இது ஒருத்தரும் பார்க்காமல் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. படியில் இருந்தாள். கோயிலுக்குள் காலில் சப்பாத்தோடு வந்துவிட்டதுபோல ஒரு கூச்சம் வந்து, சப்பாத்தைக் கழற்றுவோமா என்றுகூடக் கை போனது.

பிறகுதான் கணக்கு வந்தது. மெயின் சுவிட்சைப் போய்ப் பார்த்தாள், நூர்ந்துதான் இருந்தது. அப்ப இது எங்கேயிருந்து எடுக்கிறது. கோடையில் இந்தப் பல்ப் இருந்தது அவளுக்குத் தெரியும், அவர்தான் பூட்டினவர். ஆனால் சூரியன் இறங்காத கோடையில், இருபத்துநாலு மணித்தியாலமும் வெயில் கண்ணைக் குத்துகிற நாட்டில், நெல்மணிப் பல்ப் எரிகிறதா நூர்ந்ததா என்று ஆருக்குத் தெரியும். சுவிட்சை நூர்த்தால் அதுவும் நூரும் என்றுதான் நினைத்திருந்தாள். வயரை விரலால் தடவிக்கொண்டு போனாள், விரிப்புக்குக் கீழே, சீற்றுக்குக் கீழே, சுவிட்சைத் தொடாமல் சுற்றிக்கொண்டு நேரே பற்றரியின் முனைக் காதில் போய் இறங்கியது. தும்பு தும்பாய் ரேப் சுற்றி, அவசரத்தில் செய்த வேலை. போனை எடுத்தாள். இரண்டாம் மணியிலேயே எடுத்தார்.

"என்ன, செத்துப்போச்சோ?"

"இல்லை."

"பின்ன ஏன் குரல் ஒருமாதிரி இருக்கு?"

"பிள்ளையார் முழிச்சிருக்கிறார்."

அவருக்குப் பின்னால் குக்கர் ஒருதரம் சீறியது.

"இவ்வளவு நாளுமோ?" என்றார்.

"அப்பிடித்தான். எப்ப வயரை நேர பற்றரியில குடுத்தனீங்கள்?"

"ஆடியில."

"ஆடியில எப்ப?"

"நீர் போறதுக்கு முதல்நாள்."

"ரயருக்குக் காத்துப் பாக்கப்போறன் எண்டு சொல்லிப்போட்டல்லே போனீங்கள்."

"காத்தும் பாத்தனான்."

"சுவிட்சில குடுத்திருக்கலாமே."

"சுவிட்சில குடுத்தா நீர் படுக்கேக்க நூர்த்துப்போடுவீர்." அவர் குக்கரடிக்குப் போய் அடுப்பை நூர்த்துவிட்டு வந்தார்போலிருந்தது. "போன் எடுக்கமாட்டீர். எந்த றோட்டில நிக்கிறீரோ தெரியாது. அது எரியுது எண்டு நினைச்சுக்கொண்டுதான் படுத்தனான். ஒன்பது நாளும். பேந்து கழட்ட மறந்துபோனன்."

"மறந்ததோ?"

"ஓம். மறந்ததுதான் எண்டு வையுமன்."

அவள் பல்ப்பைப் பார்த்தாள். வானை விற்கச் சொன்ன மனிதர். சும்மா கிடக்கு என்றவர். ஆல்டாவில ஒராள் எண்டவர். அந்த ஆள் ஆர், பெயர் என்ன என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வான் போய்விட்டால் அவள் போகமாட்டாள் என்று நினைத்திருக்கிறார். போனால் துணையில்லாமல் போகக்கூடாதென்று விளக்கும் வைத்திருக்கிறார். ஒரே மனிதர், ஒரே வருடம். போகாதை என்று சொல்ல வாய் வராமல், மூன்று கிழமை வானிலை சொன்னமாதிரி, ஒரு வயரைக் கொண்டுபோய்ப் பற்றரிக் காதில் சுற்றிவைத்திருக்கிறார். அதுதான் குடித்தது. கிழமைக்கு ஒரு தசம். அவருடைய பயம்தான் இத்தனை ஞாயிறும் அவளுடைய பற்றரியைக் குடித்துக்கொண்டிருந்தது, அந்தப் பயம்தான் இவ்வளவு அழகாய் எரிந்துகொண்டும் இருந்தது. இதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் மனம் அந்த இடத்திலேயே நின்று நின்று சுற்றியது.

"மலர்? நிக்கிறீரே?"

"நிக்கிறன். இன்னும் நாலைஞ்சு நாள் எரிஞ்சா பற்றரி உறைஞ்சுபோம்."

"அப்ப கழட்டும்." யோசிக்காமல் சொன்னார். "கழட்டுமப்பா. பேந்து ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறீர்?"

"சாமி விளக்கு. என்னெண்டு நூர்க்கிறது?"

"வாயால ஊதாதையும்."

"பல்ப்பை ஆரப்பா வாயால ஊதுறது."

"பூவால நூர்க்கவேணும் எண்டு அம்மா சொல்லுறவ."

"மைனஸ் ஒன்பதில பூவுக்கு நான் எங்க போறது."

"கையால பொத்திப்போட்டுக் கழட்டும். நூர்ந்தது தெரியாமலுக்கு."

"ஆருக்குத் தெரியாமலுக்கு?"

"பிள்ளையாருக்குத்தான், பின்ன எனக்கோ," என்றார். பிறகு, "ஹீற்றரை இப்ப போட்டுப் பாக்காதையும். பசியோட இருக்கிறதை வேலை வாங்கப்படாது. பிந்தினாலும் பரவாயில்லை, நல்லாச் சாப்பிடட்டும். ஒரு மாசம் போகட்டும், ரெண்டு பேருமா வந்து போட்டுப் பாப்பம்."

"புதன்கிழமை எண்டுதானே கதை. புதன்கிழமை பத்தாட்டி ஆல்டாக்காரன்."

"எந்த ஆல்டாக்காரன்?" என்றார் அவர். "ஆடிக்குப் போறதெண்டால் போம். போகேக்க அந்த வயரைச் சுவிட்சில மாத்திக் குடுத்துவிடுறன். நீரே போட்டு நீரே நூரும்."

போனை வைத்தாள். நீரே போட்டு நீரே நூரும். பத்தாம் நம்பர் ஸ்பானர் கதவுப் பையில்தான் கிடந்தது, எடுத்தவுடன் தோலோடு ஒட்டுகிற குளிர். சீற்றுக்குக் குறுக்கே படுத்து, ஒரு கையை இங்கே கீழே பற்றரியின் காதுக்கும் மற்றக் கையை அங்கே முன்னால் பிள்ளையாருக்கும் நீட்டினாள். கையுறை இல்லாத உள்ளங்கையால் பல்ப்பைப் பொத்தினாள். சூடென்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் விரல்கள் சந்திக்கிற இடங்கள் சிவந்தன. தன் கைக்குள் இருக்கிற இரத்தம், தோலுக்கு இந்தப் பக்கம் நின்று அவளையே பார்ப்பதுபோல மங்கலாய்ச் சிவந்து தெரிந்தது. இவ்வளவு சின்ன ஒன்று ஒரு ஆளின் கையைத் தாண்டி வருமா. மற்றக் கை நட்டைத் திருப்பியது, அரைச்சுற்று, ஒருசுற்று, வயர் விலகியது. சிவப்பு ஒரு கணம் நின்றதா, இல்லை நின்றதென்று கண்தான் நினைத்ததா. கையை எடுக்க மனம் வரவில்லை. பிறகு எடுத்தாள். பாதி வசனத்தில் அறுந்ததுபோல இருக்குமென்று பயந்திருந்தாள், அப்படி இருக்கவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தவர் வாயை மூடிக்கொண்டதுபோலத்தான் இருந்தது. திறந்து கிடந்த கதவால் நீல வெளிச்சம் உள்ளே வந்து, மஞ்சள் இருந்த இடங்களிலெல்லாம் அமர்ந்தது.

வெளியே வந்தபோது பன்னிரண்டே கால். தெற்கே மலைக்குப் பின்னால் வானம், உரித்த தோடம்பழச் சுளையின் செம்மஞ்சள் நிறத்துக்கு வந்திருந்தது. சூரியன் இல்லை. புதன்கிழமைக்கு முன்னால் இல்லை. ஆனால் அந்த நிறத்தைப் பனி கண்டுவிட்டது. காலடியிலிருந்து கடல்வரை, வள்ளங்களின் முதுகு, வான்களின் முதுகு, வேலிக் கட்டைகளின் தலை எல்லாம் அதை ஏந்தி ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொண்டிருந்தன, பந்தியில் சோறு கைமாறுவதுபோல. பலகையின் மிச்சப் பாதியையும் முழங்கையால் தேய்த்து முடித்தாள். தேய்த்துவிட்டு, பார்க்கவேண்டாம், ஏன் பார்க்கிறாய் என்று நினைத்துக்கொண்டே போனைப் பார்த்தாள். மேலே பன்னிரண்டு தசம் பூச்சியம். கீழே சோலார்: பூச்சியம் தசம் ஒன்று. கண்ணைக் கசக்கினாள், கண்ணிமையில் ஐஸ். பூச்சியம் தசம் ஒன்று. போன் பொய் சொல்கிறதாக்கும், குளிர் பிடித்துவிட்டதாக்கும். இலக்கம் போய்விடுமென்று காத்து நின்றாள், அது போகவில்லை. வெயில் இல்லையே. வெயில் இல்லாமல் என்னத்தைத் தின்கிறது. வெயில் என்று அவள் பாஷையில் சொன்னால் அதற்குள் சூடு இருக்கும், முதுகு எரியும், தகரம் கொதிக்கும். அந்தச் சொல்லை ஒக்டோபரிலிருந்து இந்தப் பலகைக்கு முன்னால் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பலகைக்கு அந்தச் சொல் தெரியாது. அதற்குச் சூடு வேண்டாம், குளிரக் குளிர அது இன்னும் நன்றாகத் தின்னும் என்று வாசித்திருக்கிறாள், வாசித்ததை நம்பவில்லை. பூமியின் முதுகுக்குக் கீழே, இன்னும் எழும்பாமல் எங்கேயோ கிடக்கிற ஒன்றின் வெளிச்சம் வானத்தில் பட்டு, வானத்திலிருந்து பனியில் பட்டு, பனியிலிருந்து இந்தக் கறுப்புப் பலகையில் பட்டு, வயருக்குள் இறங்கி, ஈயத் தகட்டுக்குள் ஒளித்திருந்ததைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தது, ஒரு சத்தமும் இல்லாமல், மைனஸ் ஒன்பதில். கும்பிடவேண்டும் போலிருந்தது. எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுவதென்று தெரியவில்லை, எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்துகொண்டிருந்தது. தான் பலகைக்கு நேரே நிற்பது அப்போதுதான் புத்தியில் பட, மறைக்கிறேனோ என்று பதறி இரண்டடி தள்ளி நின்று, தன் நிழல் எங்கே விழுகிறதென்று பனியைப் பார்த்தாள். நிழலே இல்லை. என்றாலும் தவமலர் இன்னும் ஓரடி தள்ளி நின்றுகொண்டாள்.